எடைக்கல்லின் அடிப்பக்கம்

பட்டறையில் அளவு பார்க்கிற வேலையில் இருப்பவரை யாருக்கும் பிடிக்காது, சரி என்று சொன்னால் "இதைச் சொல்ல ஒரு ஆளா?" என்பார்கள், தப்பு என்று சொன்னால் "இவளுக்கு வேற வேலை இல்லை" என்பார்கள். டயல் கேஜின் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன என் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் போகிற சாலையில் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குத் தினமும் பஸ் ஏறி வேலைக்கு வருகிறேன். வெளியூர் மில் ஒன்றுக்கு உள்ளங்கை அகலத்தில் இரும்புக் கட்டைகள் செய்து அனுப்புகிறோம். கட்டையின் நாலு மூலையும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். டயலில் முள் ஒரு கோடு கூடலாம், ஒரு கோடு குறையலாம். அதற்கு மேல் போனால் கட்டை பழைய இரும்புக் கடைக்குத்தான். கிரைண்டிங் மெஷினில் கட்டையைத் தேய்த்துக் கொடுப்பவர் மைதீன் பாய். அளவு பார்ப்பது நான்.

அப்படி அனுப்பிய சரக்கு ஒரு தடவை அப்படியே திரும்பி வந்தது. மூலைக்கு மூலை தடிமன் மாறுகிறதாம். முதலாளி யோசிக்கவே இல்லை. மைதீன் கை சரியில்லை, அடுத்த சரக்கும் திரும்பினால் அவர் வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆளை வேறு எந்தப் பட்டறை கூப்பிட்டு வேலை கொடுக்கும்? கொடுத்தாலும், 'சரக்குத் திரும்பின ஆள்' என்கிற பேர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அவர் இருப்பதா போவதா என்பது இனி என் டயல் காட்டுகிற கோட்டில்தான் இருந்தது. அந்த டயலோ நிற்கவே மாட்டேன் என்றது.

பீரோவில் ஒட்டுகிற காந்தம்

அளவு பார்க்க ஒரு சர்ஃபேஸ் பிளேட் வேண்டும். மேடு பள்ளமே இல்லாத பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஸ்டாண்டை நிறுத்தி, ஸ்டாண்டில் டயலை மாட்டி, கட்டையை டயலுக்கு அடியில் நகர்த்தினால் எங்கே தடிமன் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று முள் சொல்லும். எங்களிடம் பழைய இரும்புப் பிளேட் ஒன்று இருந்தது. ஸ்டாண்ட் காந்த ஸ்டாண்ட். இரும்பில் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். முதலாளி கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் பட்டறையில் பளபளவென்று கருங்கல் பிளேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அதேபோல ஒன்று எங்களுக்கும் வந்து இறங்கியது. பழைய பிளேட் போன இடம் தெரியவில்லை.

கல் நல்ல கல்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்லில் காந்தம் எப்படி ஒட்டும்? ஸ்டாண்ட் சும்மா உட்கார்ந்திருக்கும். டயலின் பாரம் ஒரு பக்கம் இழுக்க, கட்டையை நகர்த்தும்போதெல்லாம் ஸ்டாண்டும் லேசாக ஆடும். ஒரே கட்டையின் ஒரே மூலையை மூன்று முறை பார்த்தால் மூன்று அளவு. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, மைதீன் வேலை எப்படி இருக்குன்னு" என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "அண்ணாச்சி, ஆடுவது கட்டை இல்லை, ஸ்டாண்டு. கல்லில் காந்தம் பிடிக்காது. கனமான ஸ்டாண்டு வேணும்" என்று எடுத்துச் சொன்னேன். அவர் ஸ்டாண்டை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்த பீரோவில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லாத்தானட்டி ஒட்டுது? காந்தத்துல ஒரு குத்தமும் இல்ல. கல்லுல ஒட்டலேன்னா நீ கையால அமுக்கிப் பிடி."

கருவாட்டுக் கடை

கையால் அமுக்கினால் அமுக்குகிற அளவுக்கு முள் ஓடும். இதைப் போய் யாரிடம் சொல்ல? கனமான அடிக்கட்டை ஒன்றை நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நல்ல பாரமான இரும்பு வேண்டும், அதன் அடிப்பக்கம் கல்லில் ஆடாமல் உட்கார வேண்டும், மேலே ஒரு கம்பியை நிறுத்தி டயலை மாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் நுழைந்து துழாவினேன். கடைத்தெருவில் எல்லோரும் எலெக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்டதால், பழைய எடைக்கற்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. ஐந்து கிலோ கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஆறு மூலை வார்ப்பிரும்பு. வருஷக்கணக்காக வெயிலும் மழையும் பார்த்த இரும்பு, இனி வளையாது, நெளியாது. அடியில் நடுவே ஈயம் அடைத்த குழி வேறு. ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் ஓரம் மட்டும் தரையில் உட்காரும். அடி முழுக்கத் தேய்க்கிற பாடு மிச்சம். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டார். அடியைச் சீவ வேண்டும், ஈயத்தை எடுக்க வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. எடைக்கல்லின் ஈயத்தை எடுத்து எடையைக் குறைக்கிறவள், ஊரை ஏமாற்றுகிற கடைக்காரியைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? டயல், சர்ஃபேஸ் பிளேட், மில் கட்டை என்று நான் ஒரு பாட்டம் சொல்லி முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டார். கல்லைச் சாக்குத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கருவாட்டுக் கடை எங்கன வேணாலும் போடு தாயி, எங்க தெருப்பக்கம் மட்டும் போட்டுராத."

ரெண்டு கோட்டிங்

பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் எடைக்கல்லின் மேலே துளை போட்டு, மரை வெட்டி, கம்பியை நிறுத்திக் கொடுத்துவிட்டார். அடிப்பக்கத்தைக் கிரைண்டிங்கில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பாதி வேலை முடிந்தது. மெஷின் இருப்பது பத்தடி தூரத்தில். மைதீன் பாய் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். முதலாளி நடுவில் வந்து மறித்தார். மைதீன் தொட்ட கட்டைதான் திரும்பி வந்திருக்கிறது, இதையும் அவன் கையில் கொடுக்காதே என்று சொல்லி, திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு பட்டறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். மைதீன் பாய் கையில் இருந்த கழிவுத் துணியைத் தூக்கித் தரையில் அடித்தார். அவர் சத்தம் போடுகிற ஆள்தான். மின்விசிறி சுற்றவில்லை என்றாலும் சத்தம், டீயில் சர்க்கரை கூடினாலும் சத்தம், பஸ் தாமதமானாலும் எங்களிடம்தான் சத்தம். ஆனால் அன்றைக்கு அவர் சத்தத்தில் நியாயம் இருந்தது. அதைச் சொன்னதற்கு எனக்கும் திட்டு விழுந்தது.

பேட்டையிலிருந்து அடிக்கட்டை திரும்பி வந்தது. சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். பச்சை பெயிண்ட். கல்யாண வீட்டு இரும்புக் கட்டில் மாதிரி மினுமினுக்கிறது. மேலே, பக்கவாட்டில், எல்லா இடமும் பச்சை. பயந்துகொண்டே திருப்பினேன். எந்த இடம் கல்லோடு கல்லாக உட்கார வேண்டுமோ, எந்த இடத்தைத் தேய்ப்பதற்காக அத்தனை தூரம் அனுப்பினோமோ, அங்கேயும் தடிதடியாகப் பச்சை. ஒரு ஓரத்தில் வழிந்து சொட்டாகக் காய்ந்து நின்றது. பேட்டைப் பட்டறைக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஏதாவது ஒரு பதிலில் கொஞ்சமாவது வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம். அந்தப் பக்கத்திலிருந்து குளிர்ந்த குரலில் பதில் வந்தது: "தங்கச்சி, தேச்ச இரும்ப மொட்டையா அனுப்பலாமா? துரு புடிச்சிரும்லா. அதான் அடியில மட்டும் ரெண்டு கோட்டிங் கூடவே குடுத்திருக்கேன்."

பத்து விரல்

தின்னர் ஊற்றித் துடைத்தேன். பெயிண்ட் போனது, கோபம் போகவில்லை. அந்தக் கோபத்தோடுதான் சுரண்ட உட்கார்ந்தேன். கிரைண்டிங் முடிந்தாலும் அடிப்பக்கம் அங்கங்கே கண்ணுக்குத் தெரியாமல் மேடாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நீலச் சாயம் உண்டு. பிளேட்டில் அதை மெல்லிசாகத் தடவி, அடிக்கட்டையை வைத்து ஒரு இழுப்பு இழுத்து எடுத்தால், மேடு இருக்கிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தைக் கையுளியால் சுரண்ட வேண்டும். துடைக்க வேண்டும். மறுபடி தடவ வேண்டும். ஓரம் முழுக்கப் பரவலாக நீலப் புள்ளி விழுகிற வரைக்கும் இதேதான். நடுவில் யாராவது வந்து பிளேட்டின் மேல் டீ டம்ளரை வைப்பார்கள். எடுங்கள் என்றால் "கல்லுதானே" என்பார்கள். அந்த ஈர வளையத்தைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதில் தப்பித்த விரல் ஒன்றுகூட இல்லை. மண்ணெண்ணெய், சோப்பு, தேங்காய் நார், எதற்கும் அந்த நீலம் அசைந்து கொடுக்கவில்லை. முதுகு ஒடிய, கண் எரிய, ஆழ்வார்குறிச்சிக்கு டிக்கெட் கேட்டுக் கையை நீட்டினேன். கண்டக்டர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஒருத்தருக்கு ஒரு ஓட்டுத்தான தாயி? நீ ஒத்த ஆளா ஊரு ஓட்டு பூராவும் போட்டுட்டு வாரியா?"

அங்கன யாரு பாக்கா?

கடைசியில் அடிக்கட்டை தயாராகிவிட்டது. மில் கட்டை ஒன்றின் மூலையை அளந்து, அதை எடுத்து, திரும்ப வைத்து அளந்தால் முள் அதே கோட்டுக்கு வந்து நின்றது. மறுபடி வைத்தேன், மறுபடியும் அதே கோடு. மைதீன் பாய் குனிந்து பார்த்துவிட்டு "மாஷா அல்லாஹ்" என்றார். அவர் சத்தம் போடாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அடுத்த நாள் மத்தியானம் மில்லிலிருந்து ஆள் வந்து புதுச் சரக்கை எடுக்கப் போகிறார். காலையில் வந்ததும் அளந்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

காலையில் வந்து அளந்தால் முள் கிடந்து தவிக்கிறது. அடிக்கட்டையின் ஒரு மூலையை விரலால் தொட்டேன். டக், டக் என்று ஆடியது. திருப்பிப் பார்த்தேன். நான் இடுப்பொடியச் சுரண்டி வைத்த ஓரத்தில், வளைத்து வளைத்து, முதலில் ஒரு 'ஸ்ரீ', அப்புறம் பட்டறையின் பெயர், அப்புறம் ஊர் பெயர், கடைசியில் சின்னதாக ஒரு பூ. சீர்வரிசைக் குடத்தில் வெட்டியிருப்பார்களே, அதே எழுத்து. எழுத்து பள்ளம்தான், ஆனால் உளி பட்ட இடத்தில் பள்ளத்தின் கரை மேலே எழும்பி நிற்குமே, அந்தக் கரையில்தான் கட்டை ஆடிக்கொண்டிருந்தது.

வேலையைச் செய்தவர் முதலாளியின் மச்சினன் சங்கரலிங்கம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். பட்டறைச் சாமான் எதுவும் களவு போகக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை. நான் கிளம்பின பிறகு அடிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போய்ப் பேர் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் அடித்துவிட்டுப் போகலாம். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறவரை என்ன செய்வது? இத்தனை இடம் இருக்கும்போது ஏன் சார் அடியில் போய் வெட்டினீர்கள் என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மேல வெட்டுனா பார்வையா இருக்காதுல்லா, அதான் அடியில வெட்டச் சொன்னேன். அங்கன யாரு பாக்கப் போறா?"

சாக்பீஸ் பக்கம்

எண்ணெய்க்கல்லை எடுத்து எழுத்தின் கரையைத் தேய்த்தேன். 'ஸ்ரீ'யும் பூவும் ஆழமாக இறங்கியிருந்தன. இருந்துவிட்டுப் போகட்டும், பள்ளத்தால் கெடுதல் இல்லை. நீலம் தடவினேன், சுரண்டினேன், துடைத்தேன். மில்காரர் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் பின்னால் மைதீன் பாய் நின்று மூச்சு விடுகிறது கேட்டது. அடிக்கட்டை ஆடாமல் உட்கார்ந்ததும் அவர் தேய்த்த புதுக் கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தேன்.

முதல் கட்டை ஒரு பக்கம் மூன்று கோடு கூட. மைதீன் பாய் குனிந்து முள்ளைப் பார்த்தார். இரண்டாவது, அதுவும் மூன்று கோடு. மூன்றாவதும் அப்படியே. "போச்சு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கட்டையை மெஷினில் வைக்கும்போது தன்னைப் பார்த்து இருக்கிற பக்கத்தில் சாக்பீஸால் ஒரு இழுப்பு இழுப்பது அவர் வழக்கம். முதல் கட்டையில் எந்தப் பக்கம் கூட? சாக்பீஸ் பக்கம். இரண்டாவதில்? சாக்பீஸ் பக்கம். மிச்சக் கட்டைகளையும் பார்த்தேன். அத்தனையிலும் அதே பக்கம், அதே மூன்று கோடு. கை சரியில்லாதவன் செய்தால் ஒன்று இங்கே கூடும், ஒன்று அங்கே குறையும். ஒன்றுபோல ஒரே பக்கம் சாய்ந்தால் சாய்ந்திருப்பது மெஷின். ஆடுகிற ஸ்டாண்டை வைத்துக்கொண்டு இதை எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"பாய், மெஷின ஏதாவது செஞ்சாங்களா?" என்று கேட்டேன். உட்கார்ந்திருந்தவர் துள்ளி எழுந்தார். வடக்குப் பார்த்து இருந்த மெஷின் தொழிலுக்கு ஆகாது என்று வாஸ்துக்காரர் ஒருவர் சொன்னாராம். நான் லீவில் இருந்த வாரம் மெஷினைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள்; வந்து பார்த்த நான் இட வசதிக்காகத் திருப்பியதாக நினைத்துக்கொண்டேன். திருப்பினதோடு சரி. மட்டம் பார்க்க ஆள் கூப்பிடவில்லை. ஒரு கால் தரையில் படாமல் நின்றதற்கு ஒரு பலகைத் துண்டைச் சொருகிவிட்டுத் தேங்காய் உடைத்துவிட்டார்கள். ஆயிரம் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்: மெஷின் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவலைப்பட்டவர்களுக்கு, அது நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தோன்றாதா? அதற்குப் பலியாக ஒரு மனுஷன் வீட்டுக்குப் போக வேண்டுமா?

மில்காரருக்குப் போன் போட்டுச் சரக்கைப் பிறகு தருகிறோம் என்று சொல்லிவிட்டேன். மெஷினுக்கு மட்டம் பார்த்த பிறகு மைதீன் பாய் அதே கட்டைகளை மறுபடி தேய்த்துக் கொடுத்தார். நான் அளந்து அனுப்பினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. அவர் இன்றைக்கும் அதே மெஷினில்தான் நிற்கிறார், அதே சத்தத்தோடு. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்றைக்கு மத்தியானம் முதலாளியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து பிளேட் முன்னால் நிறுத்தினேன். கட்டைகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். முள் ஒவ்வொரு தடவையும் அதே கோட்டுக்குப் போய் நின்றது. அவர் முள்ளைப் பார்த்தார், சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார், மெஷினின் காலுக்கு அடியில் இருந்த பலகைத் துண்டைப் பார்த்தார். மைதீன் பாயிடம் ஒரு மன்னிப்பு, ஒரு வருத்தம், ஒன்றும் கிடையாது. மட்டம் பார்க்க ஆள் கூப்பிடுங்கள், ஆனால் மெஷின் கிழக்குப் பார்த்தே இருக்கட்டும் என்று எங்களுக்குச் சொன்னார். அப்புறம் மைதீன் பாய் பக்கம் திரும்பி, குற்றம் சாட்டுகிற குரலில், "மெஷினு சாஞ்சிருக்குன்னு தெரியும்லா, அப்பவே ஏன்வே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

மைதீன் பாய் வழக்கம்போலக் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே பைய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "திருப்பி வச்ச அன்னைக்கே சொன்னேன் மொதலாளி. வாய மூடிட்டு வேலயப் பாருன்னு சொன்னீய. வாய மூடிட்டுப் பாத்த வேலதான் இந்தா அடுக்கி வச்சிருக்கு."

டயலின் முள்ளுக்குக் கிடைக்கிற மரியாதை எங்கள் பட்டறையில் மனுஷன் பேச்சுக்கும் கிடைக்கிற வரைக்கும், எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையிலிருந்து விடுதலை இல்லை.